சுகுணாவின் மணிக்கட்டு

திரையில் அந்தப் பெண் வாசல்படி தாண்டி உள்ளே வந்த விதத்திலேயே மரகதத்துக்குத் தெரிந்துவிட்டது, அது தன்னுடைய நடை. இடது கால் முதலில், பிறகு ஒரு சின்ன யோசனை, பிறகுதான் வலது கால். அறுபத்து நாலு வயதில் மூட்டு தேய்ந்தவள் வைக்கிற அடி. ஆனால் திரையில் இருந்த பாதத்தில் வெடிப்பு இல்லை, புறங்காலில் நரம்பு இல்லை. ஒரே ஒரு பழுப்புக் கோடு குதிகாலைச் சுற்றி வந்து கொலுசில் முடிந்தது, கொலுசுக்கு மேலே இருபத்து மூன்று வயது ஆரம்பித்தது. முகம் சுகுணாவின் முகம். பூஜை அறையில் முப்பத்தெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மரகதம் பூ வைக்கிற முகம், புகைப்படத்தில் எப்போதும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு மெதுவாகத் திரும்பியது. திரும்பிய கழுத்து யாருடையது என்று மரகதம் இருட்டில் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாலிகிராமத்தில் ஒரு சீட் கவர் கடைக்கு மேலே, முதல் மாடியில், பன்னிரண்டு நாற்காலி போட்ட சின்ன அறை அது. காலை பதினொரு மணி. முன் வரிசையில் அவள் கணவர் தணிகாசலம், அவர் பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக ஜெபசீலி, வரைகிறவர்கள் ஒன்பது பேருக்கும் தலைவி. படத்தை முழுசாக ஒட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திருத்தம் எதுவானாலும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் சார், இதற்குப் பிறகு ஒரு கோடுகூட மாற்ற முடியாது என்று ஜெபசீலி படியேறும்போதே சொல்லிவிட்டாள். அவர்கள் கூப்பிட்டும் மரகதம் முன்னால் போகவில்லை. ஏசி நேராக அடிக்கிறது என்று சொல்லிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஏசி எங்கேயும் ஒரே மாதிரிதான் அடித்தது. கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் அவருடைய தலை தெரியும். திரையை எல்லோரும் பார்ப்பார்கள், அந்தத் தலையை அவள் பார்க்க வேண்டும்.

படம் சுகுணாவைப் பற்றியது. தணிகாசலத்தின் முதல் மனைவி. இரண்டு வருஷம் மூன்று மாதம் அவரோடு வாழ்ந்து, ஆறு மாதக் கர்ப்பத்தில் மஞ்சள் காமாலை வந்து இருபத்து நாலு வயதில் போனவள். முப்பது வருஷம் ஊரார் எடுத்த விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்த மனிதர், எழுபது வயதில் சொந்தமாக ஒரு படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னபோது மரகதம் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. கேட்பானேன். இந்த வீட்டில் எல்லாம் முதலில் அவளுக்குத்தான். மரகதம் மணமாகி வந்த அன்றைக்கே மாமியார் தாம்பாளத்தில் புதுப்புடவையை வைத்து, மூத்தாளுக்குப் படைத்துவிட்டுக் கட்டிக்கொள் என்றார். அதுதான் வழக்கம், இளையாளாக வருகிறவள் எதைக் கட்டினாலும் மூத்தாளிடம் காட்டிவிட்டுத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது. மாமியார் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது, வழக்கம் போகவில்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, மகள் புனேயிலிருந்து அனுப்புகிற பிறந்தநாள் புடவைக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு ராத்திரி சுகுணாவின் படத்துக்கு முன்னால் இருப்பு. காலையில் எடுத்து உதறும்போது அதில் ஊதுபத்தி வாசனையும் இன்னொருத்தி கட்டி அவிழ்த்த மாதிரி ஒரு மென்மையும் இருக்கும். தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்தவள், முப்பத்தோரு வருஷம் பெண்கள் கல்லூரியில் பாடம் எடுத்தவள், இதெல்லாம் மனசின் வேலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன. ஒரு கோரா பட்டுகூட அவள் உடம்பில் முதல் முறையாகப் பட்டதில்லை. அவரும் அப்படித்தானே என்று ஒரு நினைப்பு வரும், வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

திரையில் சுகுணா புளியங்காயை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். தின்றது மரகதம். வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தை மூன்று நாள் எடுத்து, வெள்ளைத் துணி கட்டி, முதலில் எல்லாவற்றையும் ஆளை வைத்து நடித்துப் படம் பிடித்தார்கள். அப்புறம் அந்தப் படத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி, அதன் மேலேயே வரைந்தார்கள், ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு ஓவியம். உடம்பும் அசைவும் நடித்தவருடையது, முகமும் வயதும் வரைகிறவர் கொடுப்பது. நாலு பெண்கள் வந்து சுகுணாவாக நடித்துப் பார்த்தார்கள், கூத்துப் பட்டறையில் பழகிய பெண்கள்தான். ஒருத்தி பம்ப் ஸ்டவ்வுக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி அடித்தாள். இன்னொருத்திக்குத் தரையில் சம்மணம் போடவே வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மரகதம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து எதிரே உட்கார்ந்து, உன்னை விட்டால் யாருக்கு இதெல்லாம் தெரியும் என்றார். உன் உடம்பு வேண்டும் என்று ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் இப்படியும் கேட்கலாம் போலிருக்கிறது. அவள் சரி என்றாள். நல்ல மனசு என்று ஜெபசீலி நினைத்தாள், பெருந்தன்மை என்று தங்கை வேதவல்லி நினைத்தாள். ரெண்டுமில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் சுகுணாவைப் பற்றி அவர் சொன்னது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும், மரகதத்துக்கு அத்தனையும் மனப்பாடம். இப்போது நூற்றுப் பத்து பக்கம் எழுதி வைத்திருந்தார். அதைப் படிக்க வேறு வழியில்லை. படித்தாள். பாடினால் சுருதி சேராது என்று இருந்தது. புளியங்காய் இருந்தது. அறுபதாம் பக்கத்தில், காய்ச்சல் விட்ட ஒரு நாள் அவர் அவளைப் பலகையில் உட்கார வைத்து அரப்புப் போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டினார் என்று இருந்தது.

அந்தக் காட்சி இப்போது வந்தது. மண்டபத்தில் அன்றைக்கு வெள்ளைத் துணிக்கு நடுவே பலகை போட்டு அவள் உட்கார, தணிகாசலமாக நடித்த நாடகப் பையன் சொம்பால் தண்ணீர் ஊற்றினான், இருபத்தாறு வயது, ஆன்ட்டி தண்ணி சூடா இருக்கான்னு சொல்லுங்க ஆன்ட்டி என்று ஒவ்வொரு சொம்புக்கும் கேட்டான். கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. மெதுவா, மெதுவா, விரல் நகம் படக்கூடாது, அவளுக்கு வலிக்கும். மரகதத்தின் தலையைத் தேய்த்த விரல் அந்தப் பையனுடையது, சொன்ன குரல் அவருடையது, வலிக்கும் என்றது சுகுணாவுக்கு. ஈரத் தலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். பித்தப்பை ஆபரேஷன் ஆகிப் பதினைந்து நாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது அவளுக்குத் தலை வாரிவிட்டது பக்கத்து வீட்டு ஃபாத்திமா. அவர் காபி போட்டுக் கொடுத்தார். நல்ல காபிதான். அதைக் குறையாகச் சொல்ல முடியாது, எதையுமே குறையாகச் சொல்ல முடியாத மனிதர், அதுதானே. இப்போது திரையில் தண்ணீர் தண்ணீராக இல்லை, நீலக் கோடுகளாக இறங்கியது, ஒவ்வொரு கோடும் கொஞ்சம் நடுங்கியது. ஒன்பது பேர் ஒன்பது கையால் வரைவதால் ஒரு கோடும் அடுத்த ஓவியத்தில் அதே இடத்தில் உட்காராது, அதனால்தான் நடுங்குகிறது, முதலில் தப்பு என்று நினைத்தோம் மேடம், சார்தான் அப்படியே விடு என்றார், மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது என்றார் என்று ஜெபசீலி சொல்லியிருந்தாள். சுகுணா மூச்சு விட்டாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற மூச்சு.

பொம்மைப் படமா, அப்ப என் பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரட்டுமா என்று போன வாரம் வேதவல்லி போனில் கேட்டாள். கூட்டிட்டு வராதே, இது புருஷன் பெண்டாட்டி படம் என்று மரகதம் சொன்னதும், இந்த வயசுல அத்தானுக்கு என்னக்கா என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது. மரகதமே முதலில் அப்படித்தான் கேட்டாள், வரைவானேன், ஒரு நல்ல நடிகையைப் போட்டு எடுத்துவிட்டுப் போகலாமே. அவர் யோசித்துச் சொன்னார். நடிகையைப் போட்டால் கடைசியில் சாகிறது நடிகை, பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரியும். வரைந்தவளுக்குப் போக வேறு வீடு கிடையாது. கேட்டபோது எவ்வளவு சரி என்றுதான் மரகதத்துக்குத் தோன்றியது, படுத்த பிறகுதான் குத்தியது. வேறு வீடு கிடையாதுதான். என் வீடுதான் இருக்கிறதே. ஆனாலும் அவர் சொன்னது உண்மை, பாழாய்ப்போன உண்மை, இதோ கண் முன்னால் நடக்கிறது. கோடைக்காலத்து மத்தியானம், பாயில் இரண்டு பேரும் படுத்திருக்கிறார்கள். கேமராவில் அப்படியே காட்டியிருந்தால் எல்லோரும் இடுப்பைப் பார்த்திருப்பார்கள், கூச்சப்பட்டிருப்பார்கள், அல்லது கூச்சப்படாமல் இருந்திருப்பார்கள், ரெண்டும் ஒன்றுதான். இங்கே பார்க்க இடுப்பு இல்லை, ஆசை மட்டும் இருந்தது. அவன் தோளுக்கு ஒரு கோடு, அவள் கன்னத்துக்கு ஒரு கோடு, நெருங்கி, தொட்ட இடத்தில் இரண்டும் ஒரே கோடாகிவிட்டது. யார் வரைந்த பக்கமோ. மாணவிகளிடம் அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், இலையின் புகைப்படத்தில் எல்லாம் இருக்கும், அதனால் ஒன்றும் தெரியாது, வரையும்போதுதான் எதைப் பார்த்தோம் என்று முடிவு செய்கிறோம் என்று. அவர் எதைப் பார்த்தார் என்பது இங்கே எண்பது நிமிஷத்துக்கு முடிவாகியிருக்கிறது. அந்த ஒற்றைக் கோட்டுக்குள் ஒரு பாதி மரகதத்தின் கன்னம். இன்னொரு பாதியில் சுருள்முடியோடு, மீசையை மெல்லிதாக நறுக்கி, அவள் ஒருநாளும் பார்த்திராத தணிகாசலம். அவளுக்குக் கிடைத்தவருக்கு முப்பத்து மூன்று வயது, நெற்றி ஏறியிருந்தது, சிரிப்பு ஏற்கனவே செலவாகியிருந்தது. அந்தப் பையன் அன்றைக்கு, ஆன்ட்டி கை இங்க வைக்கலாமா என்று கேட்டுக் கேட்டு வைத்தான், அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. கழுத்தின் மூன்று மடிப்பையும் துடைத்துவிட்டார்கள். மூக்குத்தித் தழும்பைத் துடைத்துவிட்டார்கள். கனத்தை மட்டும் துடைக்க முடியவில்லை, சுகுணா பாயிலிருந்து எழும்போது கையூன்றி மரகதத்தின் கனத்தோடு எழுந்தாள். கர்ப்பிணி மாதிரியே இருக்கு மேடம், அதுக்காகவே வச்ச மாதிரி என்று ஜெபசீலி மெச்சியிருந்தாள்.

அடுத்தது அடுப்பு. சுகுணா ஸ்டவ்வின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள், ஸ்டவ் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தாள், பம்ப் அடித்தாள், நெருப்பு மஞ்சளாக ஏறி நீலமாக இறங்கியது, அழகாக இருந்தது. விரலெல்லாம் மண்ணெண்ணெய். அப்போது அவள் வலது கை மேலே போனது. மணிக்கட்டை மடக்கி, அதன் பின்புறத்தால், மூக்குத்தண்டின் மேல் ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டு, ஒன்றுமில்லாததை மேலே தள்ளிவிட்டது. கை இறங்கியது. பம்ப் அடித்தது. சுகுணா கண்ணாடி போட்டதில்லை. நூற்றுப் பத்து பக்கத்தில் எங்கேயும் இல்லை, வீட்டில் இருக்கிற அவளுடைய இரண்டு புகைப்படத்திலும் இல்லை. கண்ணாடி மரகதத்துடையது, மைனஸ் ஆறு. கழற்றி வையுங்கள் மேடம், பசங்க பழக்கத்தில் அதையும் வரைந்துவிடுவார்கள் என்று ஜெபசீலி வாங்கி வைத்துக்கொண்டாள், மூன்று நாளும் அவள் பாதிக் குருடாக நடித்தாள். கண்ணாடியை வாங்கிக்கொண்டார்கள், கையை யார் வாங்கிக்கொள்வது. விரலெல்லாம் சாக்பீஸ் தூளாக இருக்கும் வகுப்பில், இருபத்தேழு வயதில் வந்த பழக்கம், விரலால் தொட்டால் கண்ணாடி அழுக்காகும். மாவு பிசையும்போது, மீன் கழுவும்போது, எப்போதும் மணிக்கட்டு. மாணவிகள் அவளுக்குப் பின்னால் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள், அவளுக்கும் தெரியும். அந்த மணிக்கட்டு இப்போது மூத்தாளின் கையில், வளையலோடு, நாலு வினாடி, நாற்பத்தெட்டு ஓவியம், நாற்பத்தெட்டு தடவை யாரோ ஒரு பிள்ளை கவனமாக வரைந்திருக்கிறது, ஏன் என்று கேட்காமல். முன்வரிசையில் அவர் தலை அசைந்தது. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. அவர் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் அப்படித்தான் சாய்ப்பார். பார்த்துவிட்டார். ஒரு வினாடியை இருபத்து நாலாகப் பிரித்துப் பார்த்தே வயதானவர், பார்க்காமல் இருப்பாரா. முப்பத்தெட்டு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

அதற்குப் பிறகு படம் அவள் கண்ணில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வந்தது, கண்ணின் வெள்ளையை மட்டும் மஞ்சளாக்கியிருந்தார்கள், கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன, முதலில் சுவர் போனது, பிறகு கட்டில், பிறகு புடவை. ஆள் போவதை இப்படிக் காட்ட வேறு எதனாலும் முடியாது என்று அவளுக்குள் இருந்த ஒருத்தி ஒத்துக்கொண்டாள், இன்னொருத்தி அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்வார். அது நீ என்று சொல்வார். விளக்குப் போட்டதும் திரும்பி, மரகதம், உன் கை வந்துவிட்டது பார் என்று சிரிப்பார். சிரித்துவிட்டு, எடுத்துவிடு ஜெபசீலி, அது சுகுணா இல்லை என்பார். எடுத்துவிடுவார்கள். அதை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் மரகதம் என்று சொல்ல என்ன இருக்கிறது, நடையும் கனமும் பெயர் எழுதி வைத்தவை இல்லையே. ஆனாலும் அவர் சொல்ல வேண்டும். ஒரு தடவை எல்லோர் முன்னாலும், அது நீ. அதற்காக எடுத்தாலும் எடுக்கட்டும். இல்லை, எடுக்கக் கூடாது. கல்லூரியில் ஒரு வருஷம் ஒரு பெண் செம்பருத்தியின் சூலகத்தைக் குறுக்காக வெட்டி வரைந்தபோது ஐந்து அறைக்குப் பதிலாக ஆறு போட்டுவிட்டாள். நோட்டு கைமாறியது. அடுத்த நாலு வருஷம் வந்த பெண்கள் எல்லாம் ஆறு அறை வரைந்தார்கள், பூவை மேஜையில் வைத்துக்கொண்டே ஆறு வரைந்தார்கள், எண்ணிப் பாருங்கள் என்று மரகதம் வெட்டிக் காட்டியபோது ஒருத்தி, இந்தப் பூதான் மேடம் தப்பு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதை ஏன் இப்போது நினைக்கிறாள். திரையில் கடைசியாக ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தது, நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும். அதுவும் போய் வெள்ளையாயிற்று.

விளக்குப் போட்டார்கள். அவர் கொஞ்ச நேரம் திரும்பவில்லை, கைக்குட்டையை எடுத்தார், மடித்து வைத்தார். ஜெபசீலி நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கதவு நிறம் ஒரு இடத்தில் மாறுகிறது, சரி செய்யலாம். கொலுசு ஒரு காட்சியில் காணோம், சேர்த்துவிடலாம். அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு அவள் பென்சிலை நோட்டில் வைத்துவிட்டு, ஒரு தடவை பின்னால் திரும்பி மரகதத்தைப் பார்த்தாள். மார்த்தாண்டத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று நாளும் கண்ணாடியை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவள், அவளுக்குத் தெரியும்.

"சார், அந்த ஸ்டவ் சீன்ல கை ஒண்ணு மேல போகுது. நாப்பத்தெட்டு ட்ராயிங்தான். எடுத்துட்டு நேரா பம்ப் அடிக்கிறதுக்குப் போயிடலாமா?"

"எந்தக் கை?" என்றவர் உடனே, "அதுவா. அதை ஏன் எடுக்கணும்?"

"இல்ல சார், அவங்க கண்ணாடி போடமாட்டாங்கல்ல."

"கண்ணாடி இல்லம்மா. வேர்வை." அவர் தன் மணிக்கட்டை மடக்கி மூக்குத்தண்டில் வைத்துக் காட்டினார், மிகவும் சரியாகக் காட்டினார். "அவ அப்படித்தான் துடைப்பா. நானே மறந்துட்டேன், ஸ்கிரிப்ட்லகூட எழுதல. நீங்க எப்படிப் பிடிச்சீங்கன்னு தெரியல. இன்னைக்கு அதைப் பார்த்ததும் அவளையே பார்த்த மாதிரி இருந்துச்சு." கைக்குட்டையை மறுபடியும் எடுத்தார், பின்னால் திரும்பினார். "நீ என்ன சொல்றே, மரகதம்?"

சொல்லலாம். அது நான் என்று இரண்டு சொல். சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரிந்தது, அவமானமில்லை, அதைவிட மோசம், தேடுவார், உள்ளே இறங்கி உண்மையில் சுகுணாவின் கை எப்படிப் போகும் என்று தேடுவார், அங்கே ஒன்றும் இருக்காது. இன்றைக்குக் காலை வரை அங்கே ஏதோ இருந்திருக்கலாம், மங்கலாக, இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி வேர்வை துடைத்த விதம், உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம் மிச்சமிருந்த விதம். அதன் மேல் வரைந்தாகிவிட்டது. இனி அவர் எத்தனை அறை எண்ணினாலும் ஆறுதான் வரும். சொன்னால் நாற்பத்தெட்டையும் எடுத்துவிடுவார்கள், மரகதமும் போய்விடுவாள், சுகுணாவும் திரும்பி வரமாட்டாள். சொல்லாவிட்டால் இருக்கலாம், இன்னொருத்தி பெயரில். இது பெருந்தன்மை இல்லை, ஆசை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இந்த ஆசைக்கு அடியில் ஒரு சின்னக் குரூரமும் இருந்தது, அதையும் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நூல் புடவைகூட அந்தப் படத்துக்கு முன்னால் வைக்காமல் கட்டியதில்லை. இந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான் மரகதம் முதலில் உடுத்தியது. கசங்கும்வரை உடுத்தியது. இதைத்தான் சுகுணா இன்றைக்குக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"இருக்கட்டும்" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஜெபசீலி குனிந்து நோட்டில் ஏதோ எழுதி அடித்தாள். வெளிச்சத்தில் மரகதத்தின் முகமெல்லாம் வேர்த்திருந்தது, கண்ணாடி மூக்கில் வழுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வலது கை மடியிலிருந்து தானாகக் கிளம்பியது. அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையை இடது கையால் பிடித்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அதற்கு மேலாகப் பார்த்தபோது அவருக்கு முகம் இல்லை, நடுங்குகிற ஒரு கோடு மட்டும் இருந்தது.